ஏழு புள்ளிப் பனிக்கட்டி

திருட்டுப் போனது தங்கச் சங்கிலியா, பசுமாடா, மோட்டார் சைக்கிளா என்றால் பழனியாண்டிக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். இருபது வருஷமாக ஹட்டனில் த்ரீவீலர் ஓட்டுகிறார். அதில் கடைசி ஆறு வருஷம் ஜீவராணி மிஸ்ஸின் துப்பறியும் தொழிலுக்கு வண்டியையும் வாயையும் சேர்த்தே வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆனால் ஐஸ் கட்டியைக் காணோம் என்று படித்த மனுஷன் ஒருவர் காலை பத்தரை மணிக்குக் கண் கலங்கி உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"ஐஸ் திருட்டுப் போகாதுங்களே டொக்டர்," என்றார் பழனியாண்டி. "அது தானாத்தானே போகும்?"

ஜீவராணி ஒரு பார்வை பார்த்தாள். நாற்பத்தொரு வயது. பொலிஸில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, சிங்களத்தில் சொன்ன பொய்யைத் தமிழிலும் தமிழில் சொன்ன பொய்யைச் சிங்களத்திலும் மாற்றி மாற்றிச் சலித்துப்போய் வெளியே வந்தவள். அவள் பார்த்த பார்வைக்குப் பழனியாண்டி வாயை மூடிக்கொண்டார், ஒரு நிமிஷத்துக்கு.

வந்தவர் பெயர் கலாநிதி கிஷாந்த். டயகமப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, இப்போது டென்மார்க்கில் பருவநிலை ஆராய்ச்சி செய்கிறவர்.

"அது சாதாரண ஐஸ் இல்லைங்க. கிரீன்லாந்துல பனி வருஷா வருஷம் படிஞ்சு, ஒண்ணுமேல ஒண்ணா அமுங்கி இறுகிக் கிடக்கு. அதைக் கீழ வரைக்கும் துளை போட்டு உருளை உருளையா எடுப்போம். அந்தந்தக் காலத்துக் காத்து குட்டிக் குட்டிக் குமிழா உள்ள சிக்கியிருக்கும். அதை அளந்தா அன்னைக்கு உலகம் எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர்னு சொல்லலாம்."

"அப்போ அந்தக் காலத்து ஆள் தும்முனதும் உள்ளார இருக்கும்," என்றார் பழனியாண்டி.

"கிரீன்லாந்து வரைக்கும் தும்மியிருந்தா இருக்கும்," என்று டொக்டர் பாவமாகச் சிரித்தார். "பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்னு ஒரு சாண் நீளத்துல மிச்சத் துண்டு ஒண்ணு கொண்டுவந்தேன். ஞாயித்துக்கிழமை காட்டி முடிச்சதும் ஹலீம் ஹாஜியார் கடை ஃப்ரீசர்ல குடுத்து வச்சேன். வெள்ளிக்கிழமைதான் எடுக்கிறதா இருந்தது. இன்னைக்கு விடியக்காலம் ஆய்வுகூடத்துல இருந்து போன். ஸ்டிக்கர் மாறிப்போச்சாம். என் கையில இருக்கிறது மிச்சத் துண்டு இல்லையாம். ஒரு எரிமலை வெடிச்ச வருஷத்துச் சாம்பல் படிஞ்ச துண்டு. அதுல இன்னும் யாரும் ஒண்ணுமே அளக்கல. வேற துண்டும் இல்ல. மூணு வருஷமா நான் காத்திருந்த துண்டு என் பையிலயே இருந்திருக்கு!"

"ஓடிப்போய்ப் பார்த்தீங்க," என்றாள் ஜீவராணி.

"பார்த்தேன். உறை என்னோடது. உள்ள இருக்கிற ஐஸ் என்னோடது இல்ல. நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு நூல் ஓடும். இதுல இல்ல. நாலு மணிக்கு வேன் வருது. இன்னைக்குப் போற விமானத்துல அது ஏறலைன்னா என் வேலையும் போச்சு, ஆராய்ச்சியும் போச்சு. அந்த வருஷத்துக் காத்துக்கு நான் எங்கங்க போவேன்?"

"அந்த ஐஸைத் தாங்கன்னு யாராவது கேட்டாங்களா?"

டொக்டர் யோசித்தார். "உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு சுற்றுலா பங்களாவுல இருந்து கேட்டாங்க. வெள்ளைக்காரங்க விஸ்கியில போட்டுக் குடிக்கிறதுக்காம். போனை வச்சிட்டேன்."

"முடிஞ்சது கேஸ்!" பழனியாண்டி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "ஒன்றரை மணி நேரத்துல பங்களா வாசல்ல நிப்போம் மிஸ்."

"உக்காருங்கண்ணே. இன்னைக்கு என்ன நாள்?"

"புதன்."

"பௌர்ணமி, போயா நாள். எந்த பார்லயும் ஒரு சொட்டு ஊத்த முடியாது. விஸ்கி நாளைக்குத்தான். ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கிற ஐஸை ஒரு நாள் முன்னாடியே திருடி மடியில வச்சுக்கிட்டா உக்காந்திருப்பான்? கடைக்கு விடுங்க."

பழனியாண்டிக்குச் சுருக்கென்றது. மிஸ் சொல்வது சரியாக இருக்கும்போதெல்லாம் அவருக்கு அப்படித்தான் இருக்கும்.

ஹலீம் ஹாஜியாரின் கடை பஸார் வீதியில், பின்பக்கம் வீட்டோடு ஒட்டியிருந்தது. உள்ளே மூன்று ஃப்ரீசர்கள். முதலாவதில் ஐஸ்கிரீம், யோகட். டொக்டரின் உறையும் அதில்தான் இருந்தது. இரண்டாவதில் மீன். மூன்றாவதில் மாட்டிறைச்சி. போயா தினத்தில் இறைச்சி விற்கக்கூடாது என்பதால் மூன்றாவதைப் பூட்டி, மேலே துணி போர்த்தியிருந்தார் ஹாஜியார்.

"பள்ளிவாசல்ல வச்ச செருப்புக் காணாமப் போறது உலக வழக்கம்," என்று ஹாஜியார் தலையில் கைவைத்தார். "என்ட கடையில வச்ச ஐஸ் காணாமப் போறதா? ஊருக்குள்ள நான் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கிற?"

அவருடைய மைத்துனன் அப்ராஸ், முப்பது வயதுக்காரன், மீன் ஃப்ரீசர் பக்கம் பேசாமல் நின்றான். எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறவன் இன்றைக்குப் பேசாமல் நிற்பதைப் பழனியாண்டி மனதில் குறித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் டொக்டர்கிட்ட அந்தப் போலியைக் காட்டச் சொல்றேன். நீங்க மூணு பெட்டியையும் ஒரு தடவை கிளறிப் பாருங்க," என்று ஜீவராணி வெளியே போனாள்.

பழனியாண்டி முதல் பெட்டியைக் கிளறினார். ஐஸ்கிரீம் டப்பா, யோகட், அடியில் இரண்டு பக்கமும் அடைத்த நீலக் குழாய்த் துண்டு ஒன்று. குழாயை ஓரமாகத் தள்ளினார். இரண்டாவதில் மீன் கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தது. அதைத் தொடாமல் குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூன்றாவதன் துணியைப் பார்த்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார். தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டினால் பத்து நாளைக்குக் கவிச்சியே ஆகாது. இதில் போய் மாட்டிறைச்சிப் பெட்டிக்குள் கையை விடுவதா? சாமிக்கு யார் பதில் சொல்வது? எப்படியும் நேற்று ராத்திரியே பூட்டினது. உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது?

"மூணையும் பார்த்தாச்சு மிஸ்!" என்று குரல் கொடுத்தார்.

வெளியே வாங்குப் பலகையில் ஒரு தட்டில் போலி ஐஸ் உருளை உட்கார்ந்திருந்தது. ஜீவராணி அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் வட்டமாக ஏழு குட்டிப் புள்ளிகள், பரு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. வரிசையில் ஓரிடம் மட்டும் வழவழவென்றிருந்தது.

"இது என்னண்ணே?"

"பூவாளி மிஸ். நேர்சரியில தேயிலைக் கன்னுக்குத் தண்ணி ஊத்துவோமே."

"பூவாளியில நூறு ஓட்டை இருக்கும். இதுல எட்டு. அதுல ஒண்ணு அடைச்சிருக்கு. உருளை என் கைப்பிடிக்குள்ள அடங்குது." அவள் உருளையைத் தட்டில் திரும்ப வைத்தாள். "உங்க வீட்டுல காலையில என்ன சாப்பாடு?"

"ரொட்டியும் சம்பலும். லயத்துல வேற என்ன சுடுவாங்க?"

"எங்க வீட்டுலயும் அதேதான். அதனாலதான் நம்ம ரெண்டு பேருக்கும் மண்டையில ஏறல. ஹாஜியார் வீட்டுல என்ன?"

பழனியாண்டிக்கு நாக்கில்தான் முதலில் ஞாபகம் வந்தது. போன மாதம் ஹாஜியார் வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கப் போனபோது சாப்பிடச் சொன்னார்கள். சுடச்சுட, தேங்காய்ப்பூ வைத்து, உருளை உருளையாக. இதே பருமன். மூன்று தின்றார்.

"பிட்டு!" என்று கத்திவிட்டார். "பிட்டுக் குழல் மிஸ்! அடியில ஓட்டைத் தட்டு இருக்கும்!"

"ஊருக்கே சொல்லுங்க," என்றாள் ஜீவராணி.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கதவு வழியாக இருவரும் சமையலறைக்குள் போனார்கள். ஹாஜியாரின் மனைவி செரீபா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க வாங்க, தேத்தண்ணி ஊத்தவா?" என்று எழுந்தாள். ஜீவராணி பாத்திரத் தட்டில் கவிழ்த்திருந்த பிட்டுக் குழலை எடுத்து, உள்ளிருந்த வட்டத் தட்டைத் தட்டி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எட்டு ஓட்டை. ஏழில் வெளிச்சம் வந்தது. எட்டாவதில் காய்ந்த மாவு அடைத்திருந்தது.

செரீபாவின் கத்தி நின்றுவிட்டது.

"ராத்தா, அடியில பொலித்தீன் கட்டித் தண்ணி ஊத்தினீங்களா?" என்று அக்கா முறை வைத்தே கேட்டாள் ஜீவராணி.

"நான் கள்ளி இல்ல," என்றாள் செரீபா. வெங்காயத்துக்கு வந்த கண்ணீரோடு உண்மைக் கண்ணீரும் சேர்ந்துகொண்டது. பழனியாண்டிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மூன்று உருளை பிட்டுத் தின்ற வீட்டில் வந்து இப்படி நிற்கிறோமே என்றிருந்தது.

"இல்லைன்னு எனக்குத் தெரியும்," என்றாள் ஜீவராணி. "டொக்டர் ஐஸைக் கொண்டுவந்து குடுத்தப்ப, கையால வாங்கி உள்ள வச்சது யார்?"

"நான்தான்."

"அப்போ சாம்பல் கோட்டைப் பார்த்திருப்பீங்க. டொக்டரை ஏமாத்தணும்னு நினைச்சிருந்தா ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலாவது தூவியிருப்பீங்க. நீங்க அதைச் செய்யல. ஏன்னா இந்தப் போலி டொக்டருக்காகச் செஞ்சது இல்ல. கோட்டைப் பத்தித் தெரியாத ஒரு ஆளுக்காகச் செஞ்சது. அந்த ஆள் வந்து எடுத்தா இதை எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு வச்சீங்க. திருடனை ஏமாத்தச் செஞ்ச ஐஸ் இது. அந்தத் திருடன் யாருங்க ராத்தா?"

பழனியாண்டி மிஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தார். அடேயப்பா, இந்த மிஸ்ஸுக்கு மூளை எங்கே இருக்கிறது, தலையிலா, தேயிலை பெக்டரியிலா? மெஷின் மாதிரி அரைக்கிறது.

செரீபா கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "திங்கக்கிழமை என்ட தம்பி அப்ராஸ் போன் பேசினான். 'அந்த டொக்டர்ட ஐஸ்தான், வியாழக்கிழமை பின்னேரம் கொண்டாறன், பங்களா வேலைய எனக்கே தாங்க' எண்டு சென்னான். எனக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. போன வருஷம் ஒரு பிழை செஞ்சான். இன்னொரு தரம் எண்டா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதெண்டு இவர் சென்னவர். உம்மா வாப்பா இல்லாத புள்ள. நான் வளத்த புள்ள. நேத்து மஃரிப் தொழுகைக்கு ரெண்டு பேரும் பள்ளிவாசலுக்குப் போன நேரம் மாத்தி வச்சன். வெள்ளிக்கிழமைக்கு முந்தித் திருப்பி வைக்கத்தான் இருந்தன். டொக்டர் இண்டைக்கே வருவாரெண்டு யார் கண்ட? இவரும் தம்பியும் பக்கத்துல நிக்கக்குள்ள நான் எப்படி வாயத் திறக்கிற?"

"ஐஸ் எங்க?"

"மூணாவது பெட்டியில. மாட்டிறச்சிக்கு அடியில. போயா முடியும் வரைக்கும் யாரும் திறக்கமாட்டாங்க தானே?"

ஜீவராணி மெதுவாகத் திரும்பினாள். "அண்ணே. மூணையும் பார்த்தாச்சு?"

பழனியாண்டி மஞ்சள் காப்பைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டார். அவமானமாக இருந்தது. ஒரு மனுஷனின் மூன்று வருஷ உழைப்பு ஒரு துணிக்கு அடியில் கிடந்திருக்கிறது; இவர் சாமி பெயரைச் சொல்லிச் சோம்பேறித்தனம் பண்ணியிருக்கிறார். "பூட்டு வரைக்கும் பார்த்தேன் மிஸ்," என்றார்.

"பெட்டி இவ்வளவு பக்கத்துல இருந்தும் சுத்தி வரவச்சிட்டீங்க. வாங்க."

மூன்றாவது பெட்டியைத் திறக்க வேண்டும் என்றதும் ஹாஜியார் இரண்டு கையையும் விரித்தார். "போயா அண்டைக்கா? எதிர்க்கடைக்காரன் பார்த்தா அடுத்த நிமிஷம் போன் அடிப்பான். லைசன்ஸ் போயிரும்!"

"விக்கத்தான் கூடாது ஹாஜியார். எடுக்கலாம்," என்று ஜீவராணி சொல்லி முடிப்பதற்குள் பழனியாண்டி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். பூட்டுத் திறந்தது. இந்தத் தடவை பழனியாண்டி "தாயே, மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் தோள்வரை கையை விட்டார். இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து வெள்ளைப் பொலித்தீனில் சுற்றிய ஒன்று வந்தது.

கிஷாந்த் அதை வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் சாம்பல் நூல் ஓடியது. "இதுதான்," என்றார். ஐஸை நெஞ்சோடு அணைக்கப் போய், உருகிவிடும் என்று ஞாபகம் வந்து கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஹாஜியாரின் முகம் மட்டும் மலரவில்லை. "இது எப்படி இதுக்குள்ள வந்த? நேத்து நான்தானே பூட்டின?"

"நான் வச்சன்," என்றாள் செரீபா, வாசலில் நின்று.

"ஏன்?"

செரீபா வாயைத் திறந்தாள். ஜீவராணி முந்திக்கொண்டாள். "கரண்ட் போகும்னு பயந்திருக்காங்க ஹாஜியார். நிறைஞ்ச பெட்டியில குளிர் கூட நேரம் நிக்கும்னு..."

"பொய் சொல்ல வேணாம் மிஸ்," என்றான் அப்ராஸ். இத்தனை நேரம் கழித்து இப்போதுதான் பேசினான். "நான் அத எடுத்துருவன் எண்டு நெனச்சித்தான் ராத்தா ஒளிச்சீக்கிறாங்க. என்ட போன் பேச்சக் கேட்டீக்கிறாங்க. அப்படித்தானே ராத்தா?"

ஹாஜியாருக்கு முகம் சிவந்தது. அவர் கத்துவதற்கு முன்னால் அப்ராஸ் முதல் பெட்டிக்குள் குனிந்து, அந்த நீலக் குழாய்த் துண்டை எடுத்து, முனையை உடைத்து மேசையில் தட்டினான். உள்ளேயிருந்து ஓர் ஐஸ் உருளை வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் அழகாக ஒரு கோடு.

"நாளைக்குக் குடுக்கறதுக்கு நான் செஞ்சது. ரெண்டு நாள் பாடுபட்டன். பாதி உறைய வச்சி, அடுப்புச் சாம்பல் தூவி, மிச்சத்த உறைய வச்சன். டொக்டர்ட பொருள நான் தொடவே இல்ல."

ஜீவராணியின் வாய் திறந்தபடியே நின்றது. ஆறு வருஷத்தில் பழனியாண்டி பார்க்காத காட்சி அது. திருடன் யார் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் திருட்டே இல்லை!

"ஒரே வீட்டுல ரெண்டு கள்ள ஐஸா!" என்று ஹாஜியார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உங்களது நல்லா வந்திருக்கு," என்று டொக்டர் அப்ராஸின் ஐஸை உருட்டிப் பார்த்தார். "ஆனா கிளாஸ்ல போட்டதும் பிடிபட்டிருப்பீங்க. பழைய ஐஸ் கரையும்போது படபடன்னு வெடிக்கும். உள்ள அமுங்கியிருக்கிற காத்து வெளிய வர்ற சத்தம். அதைக் கேக்கத்தான் அவங்க காசு குடுத்து வர்றாங்க. உங்க ஐஸ் ஊமை."

"வெடிக்குமா?" அப்ராஸ் திடுக்கிட்டான். "அல்லாஹ்வே, அது எனக்குத் தெரியாதே!"

"இப்பவே போன் எடு," என்றார் ஹாஜியார். "ஐஸும் இல்ல, வேலையும் வேணாமெண்டு சொல்லு. வெள்ளைக்காரனுக்குப் பைப் தண்ணிய விக்கப் போறியா நீ?" அப்ராஸ் மறு பேச்சில்லாமல் போன் எடுத்தான். பேசி முடித்ததும் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"நான் ஏமாத்தத்தான் இருந்தன். அதுக்கு மச்சான் ஏசினது சரி. ஆனா ராத்தா, ரெண்டு நாளா நீங்க எனக்குச் சோறு போட்டீங்க. தேத்தண்ணி தந்தீங்க. இவன் கள்ளன், இவன் கள்ளன் எண்டு நெனச்சிக்கொண்டேதானே தந்தீங்க? ஒரு வார்த்த என்னட்டக் கேட்டீக்கலாமே."

செரீபா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழனியாண்டி எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று யோசித்தார், ஒன்றும் வரவில்லை. அதுவும் அவருக்குப் புதுசு.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேன் வந்து நின்றது. புகை கக்கும் டிரை ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் டொக்டர் ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டை இறக்கி, மூடி, பூட்டுப் போட்டார். சாவி கையில் இருக்க, முகத்தில் மறுபடியும் கவலை வந்தது. "கட்டுநாயக்கா ஏர்போர்ட் வரைக்கும் இதை யாராவது மடியில வச்சுப் பிடிச்சுக்கணும். குலுங்கக்கூடாது. வழியில ரெண்டு தடவை திறந்து டிரை ஐஸ் போடணும். நானே செய்வேன், ஆனா கினிகத்தேன வளைவுல எனக்கு வாந்தி வந்துரும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

"நான் வேற ஆள் பார்த்துத் தாரன்," என்றார் ஹாஜியார். "நம்பிக்கையான ஆளா..."

"அப்ராஸ் போகட்டும்," என்றாள் செரீபா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நேராகப் போய் டொக்டரின் கையிலிருந்து சாவியை வாங்கினாள். தம்பியின் உள்ளங்கையை இழுத்து, அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். டொக்டர் ஒரு கணம் ஜீவராணியைப் பார்த்தார். ஜீவராணி தலையசைத்தாள்.

அப்ராஸ் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தான். பெட்டியை மடியில் வாங்கி, பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். டொக்டர் முன்சீட்டில் ஏறினார். கதவு மூடியது. எஞ்சின் உறுமியது. செரீபா வேன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேன் இரண்டடி நகர்ந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ராத்தா," என்று அப்ராஸ் தலையை நீட்டினான். "டொக்டருக்கு வாந்தி வருமாம். ரெண்டு பொலித்தீன் பை கொண்டாங்க."

செரீபா கடைக்குள் ஓடினாள். இரண்டு கேட்டதற்கு ஒரு கட்டு முழுவதையுமே கொண்டுவந்து கொடுத்தாள்.